டெல்லியிலிருந்து சம்பல்: செந்தலை ஆமையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் ஜிடியிலும் ஊருக்குப் போய்வரும் டெல்லித் தமிழர்கள் எல்லாரும் சம்பல் ஆற்றைக் கடந்திருக்கிறோம். தோல்பூருக்கும் முரைனாவுக்கும் நடுவில் வரும் அந்த நீளப் பாலம்தான், ரயில் அதைத் தாண்டும்போது நாம் பெரும்பாலும் கம்பளிக்குள் இருப்போம் என்பதால் யாருக்கும் நினைவிருக்காது. அந்தத் தண்ணீரில் உலகத்திலேயே மிக அரிதான நன்னீர் ஆமைகளில் ஒன்று வாழ்கிறது. ஆங்கிலத்தில் ரெட் க்ரவுண்ட் ரூஃப்ட் டர்ட்டில் என்பார்கள், அறிவியல் பெயர் பட்டாகூர் கச்சுகா. இங்கே செந்தலை ஆமை என்றே எழுதுகிறேன்.

புலி பார்க்க ரன்தம்போருக்கு வரிசையில் நிற்கிறோம், சரி, புலி புலிதான். ஆனால் 2022 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் புலிகள் 3,682. செந்தலை ஆமையில் வளர்ந்த பெண்கள் 500-க்கும் குறைவு என்றுதான் இதை ஆராய்கிறவர்கள் சொல்கிறார்கள், அதிலும் தானாக இனம் பெருக்கித் தாக்குப்பிடிக்கிற அளவுக்கு மிஞ்சியிருப்பது கிட்டத்தட்ட சம்பலில் மட்டும். ஒரு காலத்தில் கங்கை நெடுக, நேபாளம், வங்கதேசம் வரை இருந்த பிராணி இது. நம் வீட்டிலிருந்து காலையில் கிளம்பினால் அன்று இரவே திரும்பிவிடக்கூடிய தூரத்தில் இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆமையைப் பார்க்க வேண்டுமென்றால் மணலைப் பார்க்கப் பழக வேண்டும். வெயில் காய்வது மணலில், முட்டையிடுவது மணலில், அழிந்துகொண்டிருப்பதற்கும் மணல் அள்ளுவது ஒரு முக்கியக் காரணம். எந்த மாதம் போவது, படகை எங்கே நிறுத்துவது, எதை மிதிக்கக் கூடாது என்று கீழே எழுதியிருப்பதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

முதலில் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

பலரும் தவறுவது இங்கேதான். பிள்ளைகளுக்குக் குளிர்கால விடுமுறை விட்டதும் டிசம்பர் கடைசியிலோ ஜனவரி முதல் வாரத்திலோ கிளம்புவார்கள். அந்தச் சமயத்தில் டெல்லியிலிருந்து குவாலியர் வரை மூடுபனி, ரயில் நான்கு மணி நேரம் தாமதம், ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்தால் எதிர்க்கரை தெரியாது. ஆமை குளிர்ரத்தப் பிராணி, உடம்பைச் சூடேற்றிக்கொள்ளத்தான் அது மணலில் ஏறுகிறது, வெயில் இல்லாத நாளில் அதற்கு வெளியே வர வேலையே இல்லை.

நான் சொல்வது நவம்பர், அல்லது பிப்ரவரி இரண்டாம் பாதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை. இரண்டில் ஒன்று என்றால் கண்ணை மூடிக்கொண்டு பிப்ரவரி கடைசி. காலையில் தண்ணீர் இன்னும் சில்லென்று இருக்கும், வெயிலோ நன்றாக ஏறிவிடும், அதனால் ஆமைகள் நீண்ட நேரம் வெளியே கிடக்கும். அதோடு, மார்ச்சில் முட்டைக்காலம் தொடங்கும் முன் வரும் இனப்பெருக்கக் காலத்தில்தான் ஆண் ஆமையின் தலையில் அந்தச் சிவப்பு ஏறுகிறது. வீட்டில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கும் பிள்ளை இருந்தால் பிப்ரவரி கடைசி நடக்காத காரியம் என்று தெரியும், அவர்கள் நவம்பரில் போய்விடுங்கள், நிறம் குறைவாக இருந்தாலும் ஆமை இருக்கும்.

ஏப்ரலுக்குமேல் வெயில் மண்டையைப் பிளக்கும். மழைக்காலத்தில் ஆறு பெருகி மணல்திட்டெல்லாம் மூழ்கிவிடும், படகும் ஓடாது.

நேரத்தைப் பொறுத்தவரை பறவை பார்ப்பவர்கள் மாதிரி விடியற்காலையிலேயே ஓட வேண்டாம். ஒன்பதரை மணியிலிருந்து பன்னிரண்டு வரைதான் நல்ல நேரம், அப்புறம் மூன்று மணிக்குமேல் இன்னொரு சுற்று கிடைக்கும்.

போகும் வழி

ரயில்தான் வசதி. புது டெல்லியிலிருந்து காலை 6 மணிக்குக் கிளம்பும் போபால் சதாப்தி முரைனாவில் நிற்கும், ஒன்பது மணிவாக்கில் இறங்கலாம், சாயங்காலம் அதே வண்டி திரும்பி வரும்போது ஏறிக்கொள்ளலாம். பதிவு செய்யும் முன் கால அட்டவணையை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், ரயில்வே நேரத்தை அவ்வப்போது மாற்றும். முரைனா ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவோ டாக்ஸியோ பிடித்து, தேசிய நெடுஞ்சாலை 44-ல் தோல்பூர் பக்கமாக, ராஜ்காட் என்று சொன்னால் கொண்டுபோய் விடுவார்கள். சாலைப் பாலத்தின் அருகிலேயே இருக்கும் படித்துறை அது. திரும்பவும் அதே வண்டியைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது, அங்கே நின்றுகொண்டு ஆப்பில் வண்டி தேடுவது நடக்காது.

காரில் போகிறவர்களுக்கு யமுனா எக்ஸ்பிரஸ்வே வழியாக ஆக்ரா, அங்கிருந்து தோல்பூர். இரண்டு நாள் ஒதுக்க முடிந்தால் ஆக்ராவிலிருந்து கிழக்கே பாஹ் பக்கம் போங்கள், உத்தரப் பிரதேசக் கரையில் நந்த்காவ் படித்துறை இருக்கிறது, அங்கே கூட்டம் குறைவு. ஆமைக்கு எது நல்ல இடம் என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன், ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும் என்றால் ராஜ்காட்.

இது தேசியச் சம்பல் சரணாலயம். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் மூன்றும் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. அதனால் படகுச் சீட்டு, நுழைவுக் கட்டணம் எல்லாம் எந்தக் கரையில் இறங்குகிறீர்களோ அதைப் பொறுத்து மாறும். ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், சில்லறைப் பணமும். அங்கே யூபிஐ-யை நம்பிப் போகாதீர்கள்.

சம்பல் என்றதும் வீட்டில் பெரியவர்கள் பூலான் தேவி பெயரை எடுப்பார்கள். கொள்ளையர் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, கவலை வேண்டாம். யோசித்துப் பார்த்தால் அந்தப் பயமும், கரை நெடுக வெட்டி வெட்டி விட்ட மாதிரி கிடக்கும் பள்ளத்தாக்குகளும், திரௌபதி சபித்த ஆறு என்ற கதையும் சேர்ந்துதான் தொழிற்சாலைகளை இந்தப் பக்கம் அண்டவிடாமல் வைத்திருந்தன. காளிந்தி குஞ்சில் நுரை மிதக்கிற யமுனையைப் பார்த்துப் பழகின கண்ணுக்குச் சம்பல் தண்ணீர் நம்ப முடியாததாக இருக்கும். கடைசியில் இந்த நல்ல தண்ணீர் எட்டாவா பக்கம் அதே யமுனையில்தான் போய்ச் சேர்கிறது.

இன்றைக்கு அங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டியது மணல் டிராக்டர் விஷயத்தில். சரணாலயத்துக்குள் மணல் அள்ளத் தடை இருக்கிறது, அள்ளுவதும் நடக்கிறது. 2012 மார்ச்சில் முரைனாவில், சட்டவிரோதமாக வெட்டிய கல்லை ஏற்றி வந்த டிராக்டரைத் தடுத்த இளம் ஐபிஎஸ் அதிகாரி நரேந்திர குமார் அந்த டிராக்டர் ஏறியே இறந்துபோனார். டிராக்டர் வரிசையைப் பார்த்தால் கேமராவை எடுக்காதீர்கள், வீடியோ போடுகிறேன் என்று இறங்காதீர்கள், உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடுங்கள்.

எடுத்துக்கொண்டு போக வேண்டியவை

பைனாகுலர் கட்டாயம். 8x42 அல்லது 10x42 போதும், வாங்க வேண்டியதில்லை, பறவை பார்க்கும் நண்பர் யாராவது இருந்தால் கடன் கேளுங்கள். போன் கேமராவை நம்பிப் போனால் மணலில் நாலு கறுப்புப் புள்ளிதான் கிடைக்கும். தொப்பி, தண்ணீர், மங்கலான நிறத்தில் சட்டை. சாப்பாட்டுக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போங்கள், ஆனால் படகில் பிரிக்காமல் கரைக்கு வந்து சாப்பிடுங்கள். திரும்பும்போது முரைனாவில் கஜக் வாங்க மறக்காதீர்கள், எள்ளும் வெல்லமும் சேர்த்து அடித்து அடித்துச் செய்கிற மிட்டாய், புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, குளிர்காலத்தில்தான் நன்றாக இருக்கும்.

படகில் ஏறியதும்

படகோட்டி உங்களிடம் முதலில் கேட்பது கரியால் பார்க்க வேண்டுமா என்றுதான். நீள மூக்கு முதலை, எல்லாரும் அதற்காகத்தான் வருகிறார்கள். நீங்கள் ஏறும்போதே, கச்சுவா (இந்தியில் ஆமை) பார்க்கத்தான் வந்தோம், சால் காட்டுங்கள் என்று சொல்லுங்கள். சால் என்றால் செந்தலை, டோர் என்றால் அதன் நெருங்கிய உறவான மூன்றுகோட்டு ஆமை, ஆற்றங்கரைக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு டெல்லிக்காரர் சால் என்று கேட்டதுமே படகோட்டியின் முகம் மாறும், அப்புறம் அவர் காட்டுகிற ஆறே வேறு.

அடுத்து இன்னொரு வாக்கியம், இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "பையா, இஞ்சன் பந்த் கர் தீஜியே, தூர் சே ஹீ தேக்கேங்கே." அண்ணா, எஞ்சினை நிறுத்திவிடுங்கள், தூரத்திலிருந்தே பார்க்கிறோம் என்று அர்த்தம். அவர்கள் நல்லெண்ணத்தில், கொடுத்த காசுக்கு அருகில் காட்ட வேண்டும் என்று மணல்திட்டை ஒட்டியே படகை விடுவார்கள். ஆமைகள் அதற்குள் வரிசையாகத் தண்ணீருக்குள் சரிந்துவிடும், திரும்ப ஏற வெகு நேரம் ஆகும், உடம்பு சூடாகாமல் போனால் தின்றது செரிக்காது. திட்டுக்கு முன்பே எஞ்சினை நிறுத்தச் சொல்லி, நீரோட்டத்தில் படகு தானாக மிதக்கட்டும். யாரும் எழுந்து நிற்கக் கூடாது, பேசுவதானால் தணிந்த குரலில்.

எங்கே பார்ப்பது? தண்ணீரும் மணலும் சேரும் விளிம்பை மட்டும் பைனாகுலரில் மெதுவாக ஓட்டுங்கள். சரிவு குறைவாக, ஈரமாக, ஓர் அடி தள்ளினாலே ஆழமாகும் இடங்கள்தான் ஆமைக்குப் பிடித்தவை, ஏறவும் எளிது, ஆபத்து என்றால் இரண்டு நொடியில் இறங்கவும் எளிது. பாதி மூழ்கிய பாறை, அடித்து வந்து சிக்கிய மரக்கட்டை, கரியால் படுத்திருக்கும் இடம், இவற்றையும் விடாதீர்கள். கரியாலுக்கு மீன்தான் சாப்பாடு, அதனால் ஆமைகள் அதன் பக்கத்திலேயே கவலையில்லாமல் படுத்திருக்கும்.

எது செந்தலை என்று எப்படித் தெரியும்

சம்பலில் எட்டு வகை ஆமைக்குக் குறையாது, ஆனால் உங்களைக் குழப்பப்போவது இரண்டே இரண்டுதான்.

முதலில் ஓட்டைப் பாருங்கள். மூன்றுகோட்டு ஆமையின் ஓடு சாம்பல் கலந்த பழுப்பு, அதன்மேல் தலையிலிருந்து வால் பக்கம் மூன்று கருங்கோடுகள் ஓடும், முகத்தில் மூக்கிலிருந்து கண்ணுக்கு மேலாக ஒரு வெளிர்மஞ்சள் பட்டை. அந்தக் கோடு தெரிந்தால் அது டோர், அதுவும் அழிவாபத்தில் இருக்கும் ஆமைதான், ஏமாந்துபோக வேண்டாம். சின்னதாக, ஓட்டின் நடுமுதுகு கூடாரம் மாதிரி எழும்பி நின்றால் அது கூடார ஆமை, அதை நிறையப் பார்ப்பீர்கள். ஓடு தட்டையாக, தோல் போர்த்தியது போல வழவழவென்று இருந்தால் மென்னோட்டு ஆமை, அது வேறு குடும்பம்.

கோடு இல்லை, ஓடு கறுத்த பழுப்பு, ஆள் பெரிசு, இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவு என்றால் செந்தலைப் பெண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். ஓடு 56 சென்டிமீட்டர் வரையும், எடை 25 கிலோ வரையும் போகும். பெண்ணுக்குத் தலையில் எந்த அலங்காரமும் கிடையாது. ஆண் அதில் பாதி அளவுதான், அதனால் பலர் குட்டி என்று நினைத்துக் கடந்துபோய்விடுகிறார்கள். அந்தக் குட்டியின் கழுத்து நீளும் வரை பொறுத்திருங்கள். உச்சந்தலையில் ரத்தச் சிவப்பு, பக்கவாட்டில் நீலம் கலந்த சாம்பல், தொண்டையில் மஞ்சளாக இரண்டு திட்டு, கழுத்து நெடுகச் செங்கோடுகள். வெயிலுக்கு முகத்தைத் தூக்கி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, பின்னங்கால் இரண்டையும் காற்றில் விரித்து நீட்டி வைத்திருக்கும், விரல்களுக்கு நடுவே இருக்கும் சவ்வு வரை காயட்டும் என்று. அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டால் அப்புறம் புத்தகம் தேவையில்லை.

ஒன்றும் வராமல் போகிற நாளும் உண்டு. அப்போது தேவ்ரி போங்கள், முரைனா பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது, கரியால் முட்டையைப் பொரித்து வளர்த்து ஆற்றில் விடும் வனத்துறை மையம். ஆமைகளையும் அங்கே வளர்க்கிறார்கள். சிறு பிள்ளைகளோடு போனால் முதலில் அங்கே போய்விட்டு அப்புறம் படகு ஏறுவதுதான் நல்லது, எதைத் தேட வேண்டும் என்று அவர்கள் கண்ணுக்குப் பிடிபட்டுவிடும்.

முட்டைக்காலத்தில் போகிறவர்கள் மட்டும் இதைக் கவனமாகப் படியுங்கள்

மார்ச், ஏப்ரலில் பெண் ஆமை இரவில் மணல்திட்டில் ஏறி, பின்னங்கால்களால் குழி தோண்டி, 11 முதல் 30 முட்டை வரை இட்டு, மூடி, வயிற்றுப் பக்கத்து ஓட்டால் மேலே தட்டிச் சமப்படுத்திவிட்டுப் போய்விடும். காலையில் பார்த்தால் இரு பக்கமும் கால் தடமும் நடுவில் இழுபட்ட தடமும் தண்ணீரிலிருந்து ஏறி, ஓர் இடத்தில் கலைந்து, திரும்பத் தண்ணீருக்கே போயிருக்கும். காற்றடித்தால் மதியத்துக்குள் அதுவும் அழிந்துவிடும். அப்புறம் அந்த மணலுக்கும் மற்ற மணலுக்கும் வித்தியாசமே தெரியாது. நீங்கள் செல்ஃபிக்காக இறங்கி நடக்கும் திட்டில் எங்கே கால் வைக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது, அதனால் இறங்கவே இறங்காதீர்கள், படகோட்டியே இறங்கச் சொன்னாலும். அதே திட்டுகளில் ஆற்று ஆலா என்ற பறவைகளும் வெறும் மணலில் முட்டையிட்டு வைத்திருக்கும்.

முட்டைக்கு எதிரிகள் பலர். நரி மோப்பம் பிடித்துத் தோண்டும். மேலே அணையில் தண்ணீரைத் தேக்கி ஆறு வற்றினால், தீவாக இருந்த திட்டு கரையோடு ஒட்டிக்கொள்ளும், நரிக்கும் நாய்க்கும் நடந்து வர வழி கிடைக்கும். திடீரென்று திறந்துவிட்டால் குழியோடு மூழ்கும். கோடையில் ஆற்றுப்படுகையிலேயே வெள்ளரியும் தர்பூசும் போடுகிறார்கள், அதற்காக உழுதால் முட்டை போச்சு. எல்லாவற்றுக்கும் மேலே மணல் அள்ளுகிறவர்கள்.

இதனால்தான் வனத்துறையும், ஆமைகளைக் காக்கும் டிஎஸ்ஏ ஃபவுண்டேஷன் இந்தியா அமைப்பும் முட்டைகளை எடுத்து, ஆற்றங்கரையிலேயே வேலி போட்ட இடத்தில் புதைத்துக் காக்கின்றன. கரையோர ஊர்க்காரர்கள் விடியற்காலையில் தடம் பார்த்துக் குழியைக் கண்டுபிடிப்பார்கள், கையால் மணலை விலக்கி, முட்டை எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கம் மாறாமல் எடுப்பார்கள். கோழி முட்டையை அடைகாக்கும்போது திருப்பித் திருப்பி வைக்கிறோமே, அது இங்கே கூடாது, உள்ளே கரு ஓட்டோடு ஒட்டிக்கொண்டபின் முட்டையைப் புரட்டினால் செத்துவிடும். அதே ஆழத்தில் குழி வெட்டி, அதே மணலைப் போட்டு மூடுவார்கள். மே, ஜூனில், மழைக்கு முன்னால் குஞ்சு வெளியே வரும். கொஞ்சத்தை உடனே ஆற்றில் விடுவார்கள், கொஞ்சத்தைச் சில வருடம் வளர்த்து, மீனும் பறவையும் விழுங்க முடியாத அளவு ஆனபின் விடுவார்கள்.

எட்டாவா பக்கம் கர்ஹைதா என்ற ஊரில் அப்படி வளர்த்த 20 செந்தலை ஆமைகளை 2025 ஏப்ரலில் கங்கைக்கு, ஹைதர்பூர் சதுப்புநிலத்துக்குக் கொண்டுபோய் ஒலி அனுப்பும் கருவி பொருத்தி விட்டார்கள். ஹைதர்பூர் டெல்லிக்குச் சம்பலைவிடப் பக்கம்தான். அதற்காக அங்கே கிளம்பிவிடாதீர்கள், அவ்வளவு பெரிய தண்ணீர்ப்பரப்பில் இருபது ஆமையைத் தேடுவது வீண். பறவை பார்க்கப் போங்கள், அதற்கு அருமையான இடம்.

டெல்லிக்குத் திரும்பியபின்

ஆமையைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளை வீட்டில் ஆமை வளர்க்கலாமா என்று கேட்கும். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று நம் பாட்டிகள் சொன்னது மூடநம்பிக்கைதான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் ஆமைக்கு நல்லது செய்த மூடநம்பிக்கை. இங்கே வடக்கே நிலைமை தலைகீழ், வாஸ்து என்றும் லட்சுமி என்றும் சொல்லித் தொட்டியில் வைப்பார்கள், பக்கத்து ஃப்ளாட்டில்கூட இருக்கலாம். செந்தலை ஆமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, பிடித்தாலும் விற்றாலும் வைத்திருந்தாலும் 3 முதல் 7 வருடம் வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். 2022-ல் பனாமாவில் நடந்த, நாடுகளுக்கிடையேயான வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் மாநாட்டில், இந்தியா கேட்டுக்கொண்டபடி, உலக வணிகமும் தடையானது. கடத்தல் எவ்வளவு பெரிது என்று சந்தேகம் இருந்தால்: 2017 ஜனவரியில் அமேதியில் ஒரே சோதனையில் 6,430 ஆமைகள் பிடிபட்டன. அது வேறு வகை ஆமை, ஆனால் ஆள் பிடிப்பதும் சரக்கு போகும் வழியும் ஒன்றுதான்.

யாராவது விற்பதைப் பார்த்தால், பரிதாபப்பட்டு வாங்கி யமுனையில் விடாதீர்கள். காசு கொடுத்தால் அடுத்த வாரம் இன்னொன்றைக் கொண்டுவருவான். தவிர, கடையில் கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டையோடு விற்கிற குட்டி ஆமை அமெரிக்காவைச் சேர்ந்தது, நம் ஆற்றில் விட்டால் நம் ஆமைகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 112-ஐக் கூப்பிடுங்கள், அல்லது டெல்லி வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள், இடத்தையும் நேரத்தையும் குறித்து வையுங்கள், விற்கிறவனோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

கடைசியாக, படம். நல்ல படம் கிடைத்திருந்தால் ஐநேச்சுரலிஸ்டில் ஏற்றுங்கள், ஆராய்ச்சியாளர்களுக்கு அது உண்மையிலேயே பயன்படும், அழியும் தறுவாயில் உள்ள இனங்களின் சரியான இடத்தை அந்தத் தளம் தானாகவே மறைத்துவிடும். வாட்ஸ்அப் குழுவிலும் இன்ஸ்டாவிலும் போடும்போது அதை நீங்கள்தான் செய்ய வேண்டும். லொகேஷனை அணைத்துவிட்டு, எந்தத் திட்டு, படித்துறையிலிருந்து எவ்வளவு தூரம் என்ற விவரம் எதுவும் இல்லாமல், சம்பல் என்று மட்டும் எழுதிப் போடுங்கள். முட்டைக் குழியையோ தடத்தையோ எடுத்த படமாக இருந்தால் அதையும் போடாதீர்கள், வனத்துறை ஆளிடம் காட்டிவிட்டு அழித்துவிடுங்கள்.